காரின் பனி விளக்கில் ஆவி படிதலும் நீர்க்கசிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், காரின் முன்பம்பரில் இருக்கும் பனி விளக்கின் (ஃபாக் லாம்ப்) கண்ணாடி உட்புறமாக வியர்த்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சிலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் கைக்குக் கிடைத்த பசையை எடுத்து விளக்கைச் சுற்றிலும் பூசிவிடுகிறார்கள். எதைச் செய்வதற்கு முன்பும், உள்ளே இருப்பது காற்றிலிருந்து படிந்த ஆவியா, வெளியிலிருந்து நுழைந்த தண்ணீரா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

கண்ணாடியின் உட்புறம் லேசாக ஆவி படிந்திருக்கிறது. உடனே கழற்றிப் பார்க்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. விளக்கைப் போட்டுச் சுமார் அரை மணி நேரத்துக்குள், அல்லது வெயிலில் நிறுத்திய பிறகு, படிந்த ஆவி தானாகவே மறைந்துவிடுமானால் விளக்கு சரியாகவே இயங்குகிறது என்று கொள்ளலாம். இரு பக்க விளக்குகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஆவி படிந்து ஒரே நேரத்தில் மறைந்தால், அது அன்றைய வானிலையின் விளைவு. ஒரு விளக்கு தெளிவாக இருக்க, மற்றது மட்டும் நாள்கணக்கில் வியர்த்தபடி இருந்தால், அந்த விளக்கில் ஏதோ ஓர் இடத்தில் குறை இருக்கிறது.

விளக்கு முழுவதும் மூடியிருக்கிறதே, ஈரம் எப்படி உள்ளே போகிறது?

பனி விளக்கு காற்றுப் புகாத பெட்டி அன்று. அதன் பின்புறத்தில் சிறிய சுவாசத் துளை ஒன்று இருக்கும். சில விளக்குகளில் அது வளைந்த ரப்பர் குழாயாகவும், சிலவற்றில் தண்ணீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் மெல்லிய சவ்வு ஒட்டிய துளையாகவும் அமைந்திருக்கும். இந்தத் துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பல்பு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிகிறது. 20 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று 80 டிகிரியை எட்டினால் அதன் பருமன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். கூடிய காற்று துளை வழியே வெளியேறுகிறது; விளக்கை அணைத்ததும் காற்று சுருங்கி, வெளிக்காற்றை அதன் ஈரத்தோடு உள்ளே இழுக்கிறது. விளக்கின் மிகக் குளிர்ந்த பகுதி முன்கண்ணாடி என்பதால் அந்த ஈரம் அங்கே படிகிறது.

இந்தச் சுவாசம்தான் சிக்கலுக்கும் காரணமாகிறது. நன்றாகச் சூடேறிய விளக்கோடு சாலையில் தேங்கிய நீரில் இறங்கும்போது விளக்கு சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிடும். அந்த நேரத்தில் ரப்பர் வளையத்திலோ கண்ணாடியின் ஒட்டுவாயிலோ மயிரிழை இடைவெளி இருந்தாலும், சுற்றியிருக்கும் தண்ணீரை விளக்கு உறிஞ்சிக்கொள்ளும். தலைவிளக்கைவிடப் பனி விளக்கில் இது அதிகம் நேர்வதற்கு அதன் இடமும் ஒரு காரணம். ஐக்கிய நாடுகள் அவையின் 48ஆம் எண் வாகன ஒழுங்குமுறை, முன்பனி விளக்கு தரையிலிருந்து 250 மில்லிமீட்டர் உயரத்திலேயே தொடங்கலாம் என்கிறது. அந்த உயரத்தில் சேறும் சல்லியும் தெறிநீரும் நாள்தோறும் விளக்கின்மேல் படும்.

ஆவியா, கசிவா என்பதை உறுதியாகச் சொல்ல வழி உண்டா?

ஒரு சிறு கணக்கு இதற்கு உதவும். 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் முழுமையாக நிறைந்த ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். பனி விளக்கின் உள்ளிடம் ஒரு லிட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதிலுள்ள நீராவி 0.03 கிராம்தான். ஒரு சாதாரண நீர்த்துளியின் எடை சுமார் 0.05 கிராம். அதாவது, விளக்கில் நிறைந்திருக்கும் காற்றின் ஈரம் முழுவதும் படிந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேராது. ஆகவே கண்ணாடியில் மெல்லிய புகைபோன்ற படலம் தெரிந்தால் அது ஆவி. பருத்த துளிகள் வடிந்து கோடு போட்டிருந்தாலோ, விளக்கின் அடியில் தண்ணீர் தேங்கி வண்டி அசையும்போது ஆடினாலோ, அது நீராகவே உள்ளே வந்தது என்று தயங்காமல் முடிவு செய்யலாம். மாதக்கணக்கில் துளை அடைபட்டுக் கிடந்த விளக்கில் ஆவியே மெல்ல மெல்லச் சேர்ந்து துளியாவதும் உண்டு என்பதால், துளையையும் பார்த்துவிடுவது நல்லது.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?

பனி விளக்கின் ஒளி அகலமாகவும் தாழ்வாகவும், மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோலவும் விழ வேண்டும். மூடுபனிக்குள் மேல்நோக்கிச் செல்லும் ஒளி பனித்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே வெண்திரையாகத் திரும்பி வருவதால்தான் இந்த ஏற்பாடு. கண்ணாடியின் உட்புறம் இருக்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு சிறு வில்லையாகி ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது, நமக்குச் சாலை தெரிவதில்லை. எந்த வேலைக்காக அந்த விளக்கு இருக்கிறதோ, அந்த வேலையே நடக்காமல் போகிறது. ஈரம் நீடித்தால் பிரதிபலிப்பானின் மெல்லிய அலுமினியப் பூச்சு கறுத்து உரியும், வயரை விளக்கோடு இணைக்கும் கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூக்கும், ஃபியூஸ் அடிக்கடி போகும்.

தண்ணீர் எந்தெந்த வழிகளில் நுழைகிறது?

நான் பார்த்தவரை, முதலில் சந்தேகிக்க வேண்டியது பல்பின் அடியிலுள்ள ரப்பர் வளையத்தை. பல்பை மாற்றும்போது வளையம் முறுக்கிக்கொள்வதும், அதனடியில் மண் துகள் சிக்கிக்கொள்வதும், வெப்பத்தில் வருடக்கணக்கில் வெந்து ஒரு பக்கம் தட்டையாவதும் சாதாரணமாக நடக்கின்றன. பல்பு கால்சுற்று திரும்பிப் பூட்டிக்கொள்ளாமல் பாதியில் நின்றிருப்பதும் உண்டு.

அடுத்தது சுவாசத் துளை. சேறு அடைத்துவிட்டால் ஆவி வெளியேற வழியிருக்காது, விளக்கு வேறு இடுக்குகள் வழியே மூச்சுவிடத் தொடங்கும். ரப்பர் குழாய் கழன்று விழுந்திருந்தால் திறந்த துளையில் நேரடியாகத் தண்ணீர் தெறிக்கும். குழாயின் வாய் எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

பலர் நினைத்தும் பார்க்காத வழி, வயர். காப்புறை கிழிந்த இடத்தில் நுழையும் நீர், செம்பு இழைகளுக்கு இடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊர்ந்து கனெக்டருக்குள் வந்து சேரும். வயர் மேலிருந்து நேராக விளக்கில் இறங்கினாலும் நீர் அதன் வெளிப்புறம் வழிந்து உள்ளே சேரும். விளக்குக்குச் சற்றுக் கீழே வயரைத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி மாட்டினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கண்ணாடியும் கூடும் சேரும் ஒட்டுவாய், கல் பட்ட விரிசல், பம்பர் உரசியதில் உடைந்த பிடிகாது (விளக்கைப் பம்பரில் பிடித்துவைக்கும் காது) ஆகியவை மீதி. விரிசல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒட்டுவாய்க் கசிவு தெரியாது.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வெதுவெதுப்பான நீர்ச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன். விளக்கைக் கழற்றி, உட்புறத்தை முதலில் நன்றாக உலர்த்திக்கொள்ளவும். பல்பு தன் இடத்தில் பூட்டியிருக்கட்டும். சுவாசத் துளையை டேப்பால் ஒட்டிவிட்டு, கை பொறுக்கும் அளவுக்குச் சூடான நீர் நிறைந்த வாளியில் விளக்கை மெல்ல அமிழ்த்திப் பிடிக்கவும். உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து, எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கிருந்து குமிழிகளாக வெளியேறும். இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். குமிழி வந்த இடத்தை மார்க்கரால் குறித்துக்கொண்டு, நீர் சூடாக இருக்கும்போதே விளக்கை வெளியே எடுத்து டேப்பைப் பிரித்துவிட வேண்டும். நீருக்குள்ளேயே குளிரவிட்டால் அதே இடைவெளி வழியாக விளக்கு தண்ணீரைக் குடித்துவிடும். கனெக்டர் ஊசிகளையும் துடைத்து உலர்த்த வேண்டும். எல்ஈடி சுற்றுப்பலகை உள்ளேயே அமைந்த விளக்குகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அவற்றின் ஒட்டுவாயில் சோப்பு நீரைத் தடவி, சுவாசக் குழாய் வழியே வாயால் மெதுவாக ஊதிப் பார்த்தால் போதும். கம்ப்ரஸர் காற்றை எந்த விளக்கிலும் செலுத்தக் கூடாது, ஒட்டுவாய் பிளந்துவிடும்.

என் காரின் இடப்பக்க விளக்கில் தண்ணீர் நின்றபோது, கண்ணாடியின் ஒட்டுவாய்தான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டு இரண்டு முறை பசை பூசினேன். இரண்டு முறையும் அடுத்த மழைக்குத் தண்ணீர் திரும்பி வந்தது. மூன்றாம் முறை வாளியில் அமிழ்த்தியபோது ஒட்டுவாயில் ஒரு குமிழிகூட இல்லை. பின்புறத்தில், பல்பின் கழுத்தோரம், கடுகளவுக் குமிழிகள் சரம் சரமாக ஏறிவந்தன. பல்பைத் திருகி எடுத்தால், ரப்பர் வளையத்தின் அடியில் ஒரு மணல் துகள் அழுந்தி, வளையத்தில் தன் அளவுக்குக் குழி பறித்திருந்தது. வளையத்தை மாற்றினேன், அதோடு கசிவு நின்றது.

விளக்கைக் கழற்றாமலே உலர்த்த முடியுமா?

ஆவி மட்டும் என்றால் முடியும். காரைக் காய்ந்த இடத்தில் நிறுத்தி, பின்புற மூடியையோ பல்பையோ கழற்றி வைத்துவிட்டு, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தூரத்தில் காட்டலாம். சூடான காற்று கண்ணாடியின் ஒரே இடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் கழற்றாமல் வேலை ஆகாது.

கழற்றும்போதும் உலர்த்தும்போதும் எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

விளக்கு முழுமையாக ஆறியிருக்க வேண்டும். ஹாலஜன் பல்பு அணைத்த பிறகும் வெகுநேரம் தோலைச் சுடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவது நல்லது. பல கார்களில் முன்சக்கரத்தை உட்புறமாகத் திருப்பி, சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையைச் சற்று விலக்கினால் விளக்கின் பின்புறம் கைக்கு எட்டும். அடியில் படுத்துச் செய்ய வேண்டிய வண்டியாக இருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகக் கூடாது. உறுதியான தாங்கி வைத்த பிறகே போக வேண்டும்.

கனெக்டரின் பூட்டு நாக்கை அழுத்தி இழுக்கவும், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறி, பல்பின் ஆயுள் குறைந்துவிடும்.

தண்ணீரை வடித்த பிறகு, உள்ளே சேறு படிந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி அலசிக் கொட்டலாம். பிரதிபலிப்பானைத் துணியாலோ பஞ்சாலோ துடைக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அந்த அலுமினியப் பூச்சு மிக மிக மெல்லியது. ஒரே துடைப்பில் கோடு விழுந்துவிடும், விழுந்த கோட்டை நீக்க வழியில்லை. அலசிய பிறகு வெயிலிலோ மின்விசிறியின் முன்னாலோ ஒரு நாள் முழுவதும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துவிட்டால் போதும்.

ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு மூடிவிடலாமா?

உலர்த்தும் கட்டத்தில் அது நல்ல துணை. பல்புத் துளை வழியே பொட்டலத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஓர் இரவு கழித்து எடுத்துவிடலாம். உள்ளேயே விட்டுவிடக் கூடாது. சுவாசத் துளை வழியே ஈரம் வந்துகொண்டே இருப்பதால் பொட்டலம் சில நாள்களில் நிறைந்துவிடும். அதன்பின் விளக்கு சூடேறும்போது உறிஞ்சிய ஈரத்தை அதுவே வெளிவிடும். ஹாலஜன் பல்பின் மேல் சாய்ந்தால் பொட்டலத்தின் உறை கருகும் அபாயமும் உண்டு.

எந்தப் பசையைப் பயன்படுத்துவது?

பிழியும்போது காடி வாடை வீசும் சிலிக்கான் பசையைத் தவிர்க்க வேண்டும். உலரும்போது அது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த ஆவி மூடிய விளக்குக்குள் புகுந்து பிரதிபலிப்பானையும் செம்பு ஊசிகளையும் அரிக்கும். அமில ஆவி விடாத, நியூட்ரல் வகை என்று உறையில் குறிப்பிட்டிருக்கும் சிலிக்கானை வாங்கவும். கண்ணாடியைப் பிரித்து மீண்டும் ஒட்டுவதாக இருந்தால், விளக்குகளுக்கென்றே வரும் பியூட்டைல் ரப்பர் பட்டை பொருத்தமானது. பின்னாளில் சூடாக்கி மறுபடியும் பிரிக்க முடியும்.

பூசும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடவும். பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன கண்ணாடியின் அருகே பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் வரக் கூடாது, நொடியில் நுண்விரிசல் விழுந்து மங்கிப்போகும். பூசிய பிறகு 24 மணி நேரம் ஈரம் படாமல் காயவிட வேண்டும். சுவாசத் துளையின்மேல் ஒரு பொட்டுப் பசைகூடப் படக் கூடாது. அதை அடைப்பவர்கள் ஈரத்தை வெளியேற்றும் ஒரே வழியை அடைத்துவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தைச் சிறைப்படுத்துகிறார்கள்.

கண்ணாடியைக் கூட்டிலிருந்து பிரிக்க முடியுமா?

ஒட்டுவாயில் மென்மையான பியூட்டைல் பசை இருந்தால் ஹீட் கன்னால் சுற்றிலும் சீராகச் சூடாக்கி, பிளாஸ்டிக் நெம்புகோலால் சிறிது சிறிதாகப் பிரிக்கலாம். கடினமான பசையாலோ பிளாஸ்டிக்கையே உருக்கி இணைத்தோ மூடிய விளக்கைப் பிரிக்க முயன்றால் அது உடையும். பிரிப்பது கடைசி முயற்சியாக இருக்கட்டும். வெளிப்புறத்திலிருந்தே ஒட்டுவாயைச் சரிசெய்ய முடிந்தால் அதுவே மேல்.

கல் பட்டு விரிசல் விழுந்திருக்கிறது, ஒட்டினால் நிற்குமா?

பிளாஸ்டிக் கண்ணாடியில் சிறு விரிசல் என்றால், உட்புறம் உலர்ந்த பிறகு தெளிவான இரட்டைக் கலவை எபாக்ஸியோ, புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினோ வைத்து அடைக்கலாம். மெய்யான கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தால் ஒட்டு நிலைக்காது, சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு விரிசல் நீளும். மாற்று விளக்கு வரும்வரை அகலமான தெளிந்த டேப் ஒட்டி, அந்த விளக்கைப் போடாமல் ஓட்டலாம்.

அடியில் ஒரு துளை போட்டுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடாதா?

வடியும். அதே துளை வழியே தூசியும், அடுத்த பள்ளத்தின் நீரும் உள்ளே வரும். சுவாசத் துளை உள்ள விளக்கில் இதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. சுவாசத் துளையே இல்லாத மலிவான விளக்கு ஒன்றைக் காப்பாற்ற வேறு வழியே இல்லையென்றால் மட்டும், பல்பை எடுத்துவிட்டு, மிகத் தாழ்ந்த புள்ளியில் 3 மில்லிமீட்டர் அளவுக்குத் துளையிட்டு, கீழ்நோக்கிய சிறு ரப்பர் குழாயை அதில் செருகலாம்.

எல்ஈடி பல்புக்கு மாறிய பிறகு ஆவி அதிகமாகிவிட்டது. ஏன்?

55 வாட் எச்11 வகை ஹாலஜன் பல்பின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறி, கண்ணாடியையும் சூடாக்கி ஆவியை விரட்டிவிடும். எல்ஈடி பல்பு வெளியிடும் வெப்பம் குறைவு, அதுவும் பின்புறத் தகடுகள் வழியே போய்விடுகிறது. கண்ணாடி குளிர்ந்தே இருப்பதால் ஆவி தங்குகிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறியால் ரப்பர் மூடி சரியாக மூடாமல் போவதும், வேறு தடிமனுள்ள வளையம் சரியாக அமராததும் கசிவுக்கு வழிவிடும். ஹாலஜன் பல்புக்கு என்று அமைந்த விளக்கில் எல்ஈடி பொருத்தப் பல நாடுகளில் அனுமதியும் இல்லை.

எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. 35 வாட் எச்8, 55 வாட் எச்11, 19 வாட் எச்16 ஆகியவற்றின் அடிப்பகுதி ஏறக்குறைய ஒரே வடிவம். அதனால் சிலர் அடியிலுள்ள சிறு காதுகளைச் சீவிவிட்டு, குறைந்த வாட் விளக்கில் அதிக வாட் பல்பைத் திணித்துவிடுகிறார்கள். தாங்கமாட்டாத சூட்டில் கூடு நெளிந்து ஒட்டுவாய் திறந்துகொள்கிறது.

சரிசெய்து மாட்டிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

கனெக்டரின் ரப்பர் முத்திரை இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மின்காப்புக் கிரீஸை மெல்லியதாகத் தடவி, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை மாட்டவும். சமதளத்தில் ஒரு சுவரின் முன் நிறுத்தி, இரு விளக்குகளின் ஒளியும் ஒரே உயரத்தில், விளக்கின் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக விழுகிறதா என்று சரிபார்த்து, தேவையானால் சரிசெய்யும் திருகைத் திருப்பவும். குழாய் நீரைச் சாதாரண வேகத்தில் சில நிமிடம் அடித்துவிட்டு மறுநாள் காலையில் கண்ணாடியைப் பாருங்கள். உயரழுத்தக் கழுவுகருவியால் சோதிக்க வேண்டாம், அதன் பீச்சல் நல்ல முத்திரையையும் தாண்டிச் செல்லும். ஐபி67 என்று குறித்த விளக்கு ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதே அந்தக் குறியின் பொருள். அருகிலிருந்து அடிக்கும் உயரழுத்த நீருக்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

எப்போது புதிய விளக்கு வாங்குவது?

பிரதிபலிப்பான் கறுத்தோ உரிந்தோ போயிருந்தால், உள்ளமைந்த எல்ஈடி பலகையில் நீர் புகுந்து மினுக்கத் தொடங்கியிருந்தால், மெய்க்கண்ணாடி உடைந்திருந்தால், அல்லது பிடிகாதுகள் உடைந்து விளக்கு அசைந்தபடி இருந்தால் மாற்றுவதே சரி. மாற்றும்போது பழைய கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் அதையும் வயரோடு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் பழைய வழியிலேயே ஈரம் புதிய விளக்குக்கும் வந்து சேரும். புதிய விளக்கிலும் முதல் சில குளிர்ந்த காலைகளில் லேசான ஆவி தெரியலாம். அது விளக்கைப் போட்டதும் விலகிவிடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.